முதல் மீட்டலுக்கு அடியில் கேட்ட ஒலி

போன வாரம் விழுப்புரத்தில் நம் ஒத்திகை அறைக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்றைக்கு உங்களில் ஒருவர் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "உனக்குக் காதே இல்லையா?" என்று கேட்டார். யார் என்று எழுத மாட்டேன். கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். மேடையை விட்டு இறங்கியவள் வாயைத் திறக்கக் கூடாது என்று டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் திண்டிவனம் வந்து சேரும் வரைக்கும் மனசு ஆறவில்லை. அதே வார்த்தையை அதே அறையில் நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மெர்சி. நம் மெல்லிசைக் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் கீபோர்டு வாசித்தேன். ஒலக்கூர் பக்கத்தில் கூலிக்குக் களையெடுத்த குடும்பம். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லை என்று பன்னிரண்டு வயதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நோட்ஸ் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. எதைக் கேட்டேனோ அதை வாசித்தேன். அதனால் என் காதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். கர்வமும் நீள வாயும் ஒரே உடம்பில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் பேஜாரு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு நம்மை அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சென்னையில் படித்தவர். கச்சேரியில் எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரே ஒரு இங்கிலீஷ் பாட்டின் பெயரைச் சொன்னார். உலகமே கேட்ட ராக் பாட்டு. பெயர் வேண்டாம், உங்கள் எல்லார் போனிலும் இருக்கிறது. அந்தப் பாட்டு ஒரே ஒரு கிட்டார் வீச்சில் ஆரம்பிக்கும். எல்லாத் தந்தியும் சேர்ந்து 'ஜங்' என்று ஒலித்து இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்கும். அதற்குப் பிறகுதான் டிரம்ஸ், குரல் எல்லாம்.

"மத்த பாட்டெல்லாம் நீங்க என்னா வேணா வாசிங்க. நாங்க ரெண்டு பேரும் மேடை ஏறும்போது அந்த முதல் அடி மட்டும் கரெக்டா உழணும். காலேஜ்ல அந்த அடியைக் கேட்டுட்டுத்தாங்க அவங்க என்னைத் திரும்பிப் பார்த்தாங்க" என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. குழு முழுக்கச் சிரித்தோம். எங்களுக்கும் அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று.

வரவேற்புக்குப் பத்து நாள் இருந்தது. பாட்டைக் கேட்டு எந்த வாத்தியத்துக்கு என்ன என்று பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். அந்தக் காலத்தில் யாரும் புதுக் கேசட் வாங்க மாட்டோம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கேசட்டைக் கொடுத்து, அதன் மேலேயே பதியச் சொல்வோம். நானும் அலமாரியில் அகப்பட்ட ஒரு கேசட்டைக் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர். "பாட்டு முடிஞ்சதும் மிச்சத்தையும் சுத்தமா அழிச்சிட்டேங்க, வேற எதுவும் வராது" என்று சொல்லிக் கொடுத்தார்.

நம் கிட்டார்காரர் அப்போது ஏழுமலை. காணையிலிருந்து வருவார். பகலில் ஒரு ரைஸ்மில்லில் வேலை. மில் விட்டதும் தலையில் தவிடு ஒட்டியிருக்க, ரெக்சின் உறையில் கிட்டாரைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவர். பேச்சு என்றால் "சரிக்கா", "ஆவட்டும்க்கா", அவ்வளவுதான். மேடையில் ஒருவர் சுருதி தப்பினால் நான் கத்துவேன். ஏழுமலை சத்தம் போடாமல் பக்கத்தில் போய் நின்று சரியான சுருதியை வாசித்துக் காட்டுவார்.

கேசட்டை ஒத்திகை அறையில் போட்டோம். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தரம் கேட்டார். விரல்களை இப்படி வைத்தார், அப்படி வைத்தார். ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, "அட, அதே தான்யா!" என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. அந்த வீச்சுக்கு அடியில் இன்னொரு ஒலி எனக்குக் கேட்டது. அடிக் குரலில், நீளமாக, லேசான நடுக்கத்தோடு ஒன்று. கிட்டார் ஒலி தேயத் தேய அது மேலே வந்தது. டேப் ரிக்கார்டரின் சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் தெளிவாகக் கேட்டது. "அடியில ஒண்ணு வருது பாரு, அது உன் கையில வரல" என்றேன். "சரிக்கா" என்று தடித்த தந்தியை இறக்கிக் கட்டி வாசித்தார். வரவில்லை. பேஸ் கிட்டாரையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். ஒலி வந்தது, நடுக்கம் வரவில்லை. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. ஏழுமலை தந்தியை விரலால் ஆட்டிப் பார்த்தார், உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கன்றிப்போயிருந்தது. நான்காம் நாள் கேசட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நடுக்கமா ஒண்ணுன்றீங்களே, கித்தார்ல அப்பிடி எனக்கு ஒண்ணும் கேக்கலைக்கா" என்றார் கடைசியில்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாள் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்கவில்லை என்றால் குறை அவரிடம்தான் என்று நினைக்கிற புத்தி. "எல்லாருக்கும் கேக்குது, உனக்கு மட்டும் கேக்கலையா? காது இருக்கிறவன் வாசிக்கிற வாத்தியம் இது. மில்லுல நெல்லு குத்தறவனுக்கு எங்க கேக்கும்?" என்றேன். ஏழெட்டுப் பேர் இருந்த அறை.

உண்மையில் அந்த எல்லாருக்கும் அது கேட்டதா என்று நான் ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. அக்கா வாயில் யார் விழுவது என்று அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏழுமலை கிட்டாரைத் துணியால் துடைத்தார். எப்போதும் துடைப்பதைவிட அதிக நேரம் துடைத்தார். உறையில் போட்டுக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கிட்டாரை யாராவது விலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று காணையில் விசாரித்துக்கொண்டிருப்பதாக டிரம்ஸ்காரர் வந்து சொன்னார்.

குழுவை நடத்திய மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். "பாட்டைப் புடிச்சிட்ட மெர்சி, ஆளை உட்டுட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதுச்சேரியில் ஒரு கிட்டார்காரருக்குச் சொல்லி அனுப்பினார். நான் முறைப்பாக இருந்தேன். வேலை தெரியாதவர் போனால் போகட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே சரியில்லை. சோறு இறங்கவில்லை.

வரவேற்புக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் வீட்டில் அடைக்குக் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அடியை இன்னொரு தரம் கேட்போம் என்று கேசட்டைப் போட்டிருந்தேன். வழக்கமாக முதல் மூன்று விநாடி கேட்டதும் நிறுத்தி, திரும்பச் சுற்றிவிடுவேன். அதற்கு மேல் அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. அன்றைக்கு முழங்கை வரைக்கும் மாவு. பாட்டு பாட்டுக்கு ஓடியது, முடிந்தது. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்ததால் 'ஸ்ஸ்' என்று வெறும் டேப் ஓடும் இரைச்சல்.

"பாட்டே இல்லாம பொட்டி ஓடிக்கினு இருக்குது பாரு" என்றார் வெளியிலிருந்து என் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் இருங்க!" என்று கத்தினேன். அந்த இரைச்சலுக்கு அடியில் அதே ஒலி கேட்டது. கிட்டார் இல்லை, பாட்டு இல்லை, அது மட்டும் தனியாக. அடிக் குரலில், நடுக்கத்தோடு. நீண்டது, நின்றது, பக்கத்துச் சுரத்துக்குப் போனது, திரும்பி வந்தது. அது போகும் வழி எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்து எங்கே போகும் என்று நான் நினைத்தேன், அங்கேயே போனது.

அது எங்கள் சபை ஆர்மோனியம். கீழ்க் கட்டை ஒன்றில் ரீடு, உள்ளே ஒலிக்கும் பித்தளை நாக்கு, தளர்ந்து, அழுத்தினால் நடுங்கிக்கொண்டே பேசும். கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகும்போது பதிந்து வைத்த கேசட்டைத்தான் நான் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் மிஷினில் பழசை அழிக்கும் ஹெட் தேய்ந்திருந்திருக்கிறது. பாடகர்களின் குரலெல்லாம் அழிந்துவிட்டது. அடிக் குரல் மட்டும் சரியாக அழியாமல் தங்கிவிட்டது. அந்த ராக் பாட்டின் முதல் வீச்சுக்கு அடியில் அது பொருந்தியும் தொலைத்தது.

ஏழுமலையின் கையில் வரவில்லை என்று நான்கு நாள் நான் குற்றம் சொன்ன அந்த ஒலி, என் இடது கை வாசித்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் வந்த யோசனை, இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்பதுதான். புதுச்சேரிக்காரர் வந்துவிடுவார். "பரவாயில்ல, கிட்டார் மட்டும் போதும்" என்று நான் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கேசட்டை அடுப்பில் போட்டால் முடிந்தது. அப்படித்தான் ஒரு கால் மணி நேரம் இருந்தேன். பிறகு அந்த மனுஷர் கிட்டாரைத் துடைத்தது கண்ணில் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு, டேப் ரிக்கார்டரை ஒயர் கூடையில் வைத்து, அடையும் தட்டாமல் பஸ் ஏறினேன்.

விழுப்புரத்தில் இறங்கி, காணைக்கு டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வீட்டில் ஏழுமலை இல்லை. அவர் மனைவி அஞ்சலை மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வாங்க என்று சொன்னாரே தவிர முகம் சொல்லவில்லை.

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. காது பாக்க" என்றார்.

"காதுக்கு என்னா?"

"என்னான்னு என்னைக் கேக்கறீங்களா? மில்லு சத்தத்துல காது போயிடுச்சுன்றாரு. ரொம்ப நாளாவே அந்த பயம் அவருக்கு. அவுங்க அப்பாவுக்கும் மில்லுலதான் போச்சு. அக்காவுக்குக் கேக்கறது எனக்குக் கேக்கல, போச்சு அஞ்சல, எல்லாம் போச்சுன்னு நாலு நாளா இதே பேச்சு. காலையில எழுந்தா கண்ணை மூடிக்கினு கொழா தண்ணி சொட்றது கேக்குதான்னு பாத்துக்கினு நிக்கறாரு. புள்ளைங்களைக் கூப்புட்டு மெதுவா பேசச் சொல்லி டெஸ்ட் பண்றாரு. ஒரு வாய் சோறு துன்றதில்ல."

அன்றைக்குக் கோபத்தில் வாயில் வந்த வார்த்தையை வீசினேன். அது அவர் வாழ்நாள் பயத்தின் மேலேயே போய் விழுந்திருக்கிறது. மில் வேலை சோற்றுக்கு, கிட்டார் அவருடைய உயிருக்கு. ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும் என்று பயந்துகொண்டே இருந்த மனுஷரிடம், ஆமாம் தின்றுவிட்டது என்று ஏழெட்டுப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மல்லாட்டை உடைத்தேன்.

மூன்று மணிக்கு ஏழுமலை வந்தார். கூட்டம் அதிகம், டோக்கன் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, எப்ப வந்தீங்க? காப்பி குடிச்சீங்களா?" என்றார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் பேசாத. இதைக் கேளு" என்று கேசட்டைப் போட்டேன். பாட்டைத் தாண்டி, முடிவில் இருக்கும் வெறும் இரைச்சலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். "என்னா கேக்குது, சொல்லு."

அவர் தயங்கினார். பரீட்சை என்று நினைத்துவிட்டார் பாவம். குனிந்து கேட்டார். அஞ்சலை கையை நிறுத்திவிட்டார். வெளியே ஒரு கரும்பு வண்டி போனது, அது போய் முடியும் வரை ஏழுமலை காத்திருந்தார்.

"ஆர்மோனியம்" என்றார். "யாரோ வாசிக்கறாங்க. இடது கை மட்டும் கேக்குது." இன்னும் கொஞ்சம் கேட்டார். "கீழ ஒரு ரீடு லூசா இருக்குதுக்கா. அதான் நடுங்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "அதாம்பா நான் உன்னை வாசிக்கச் சொன்னது! அது நானு! நான் வாசிச்சது!" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய கேசட், அழிக்காத ஹெட், கேப்பை மாவு, எல்லாம்.

ஏழுமலை என்னையே பார்த்தார். "இதையா சொன்னீங்க? இது எனக்கும் கேட்டுச்சேக்கா. மொத நாளே கேட்டுச்சு. மிஷின் சத்தம்னு உட்டுட்டேன். நீங்க கித்தார்ல வருதுன்னு சொல்லச் சொல்ல, இது இல்லாம வேற என்னமோ உங்களுக்குக் கேக்குது, எனக்குத்தான் கேக்கலன்னு நெனைச்சிக்கினேன்."

இரண்டு பேருக்கும் கேட்டது ஒரே ஒலி. நான்கு நாளில் ஒரு தரமாவது, "உனக்கு என்ன கேக்குது?" என்று நான் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அன்றைக்கு அந்த வீட்டில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அஞ்சலை உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். "ரெண்டு பேரும் துன்னுங்க மொதல்ல" என்றார். ஏழுமலை சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

"நாளைக்கு ஒத்திகைக்கு வா" என்றேன்.

"புதுச்சேரி ஆளு வர்றாராமேக்கா. வேணாம், அவருக்குக் கஷ்டமாயிடும்."

"அவரை மாஸ்டர் பாத்துப்பாரு. நீ வா. எல்லாரு எதிர்லயும் சொன்னது, எல்லாரு எதிர்லயும்தான் திருப்பி எடுக்கணும். உன் வீட்டுல வந்து அழுதுட்டுப் போனா அது எனக்கு சௌகரியம், உனக்கு இல்ல."

அப்படியே செய்தேன். மறுநாள் கேசட்டின் கடைசியை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். டிரம்ஸ்காரர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். "சிரிய்யா, சிரிச்சித் தொலை" என்றேன். அப்புறம் அறையே சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார். மாஸ்டர் வெளியே போய் புதுச்சேரிக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார்.

வரவேற்பன்று மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைப் படியில் கால் வைத்தார்கள். ஏழுமலை ஒரு வீச்சு வீசினார். மண்டபத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அந்த ஒலி சுத்தமாக நின்றது. என் இடது கை கீபோர்டின் கீழ்க் கட்டைக்குப் போகத் துடித்தது. பத்து நாள் கேட்டுப் பழகிய காது அல்லவா, அது இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார், அவள் சிரித்தாள். அவர்களுக்கு வேண்டியது அதுதான். என் ஆர்மோனியத்துக்கு அங்கே வேலை இல்லை.

திங்கட்கிழமை ஏழுமலையோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது நன்றாக இருக்கிறது, மில்லில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் பஞ்சை மறந்தாலும் அஞ்சலை மறந்ததில்லை.

உங்களுக்கு இப்போது கேசட்டும் இல்லை, தேய்ந்த ஹெட்டும் இல்லை. சுத்தமான ஒலி கையிலேயே இருக்கிறது. ஆனாலும் காதுக்குள் அவரவர் பழைய பாட்டு ஒன்று அழியாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் இருப்பவரைக் குறை சொல்வதற்கு முன்னால், உனக்கு என்ன கேட்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று ஒத்திகை அறையில் எனக்கு மாலை போட்டீர்களே, உங்களில் இரண்டு மூன்று பேர் அப்போதே இருந்தீர்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, தலை நரைத்த ஏழுமலை ஒரு மூலையில் உட்கார்ந்து கிட்டாரின் இரண்டு தடித்த தந்திகளையும் தளர்த்திக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. சபையில் அந்த ஆர்மோனியத்தைக் கழித்துவிட்டுக் கீபோர்டு வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கேசட்டும் பூசணம் பிடித்துப் போயிருந்தது.

அவர் எழுந்து வந்து, பழைய பாட்டின் அந்த முதல் வீச்சை வீசினார். மேல் தந்திகள் தேயத் தேய, அடியிலிருந்து அது வந்தது. நீளமாக, நடுக்கத்தோடு. இரண்டு தடித்த தந்திகளையும் ஏறக்குறைய ஒரே சுருதிக்கு இறக்கி, ஒரு மயிரிழை மட்டும் விலக்கிக் கட்டியிருந்தார். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக முடியாமல் இரண்டும் சேர்ந்து நடுங்கின.

"நீங்க கேட்டது இதானேக்கா?" என்றார். "கித்தார்ல வராதுன்னு நெனைச்சேன். வருது. எத்தினி வருஷம் ஆச்சு பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடுக்கம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

"பாத்தீங்களா, அக்கா வாயி மட்டும் இன்னும் ரிட்டயர் ஆவல" என்று அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொரு வாட்டி வாசி" என்றேன். வாசித்தார்.